ஆனேக்கல் பக்கம் சிறிய மாற்றுப்பள்ளி: அங்கீகாரம் பெறுவதா, கற்றல் மையமாகவே நடத்துவதா?

கேள்வி: சந்தாபுரம்வாசி

வணக்கம். நானும் என் மனைவியும் பதினான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறோம். இருவரும் மென்பொருள் வேலைக்காக வந்தவர்கள்; மனைவி சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. நல்ல பெயருள்ள பள்ளி ஒன்றில் மகளைச் சேர்த்தோம். அங்கே யாரும் அவளை அடித்ததில்லை, கடிந்து பேசியதும் இல்லை. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் அவளிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி எழுதியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சரியா அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறாள். சரியில்லை என்றால் பிழை எங்கே என்று தேடுவதில்லை. ரப்பரை எடுத்து வரி முழுவதையும் அழித்துவிடுகிறாள்.

இதே கவலையுள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஐந்து முதல் பத்து வயது வரையிலான 11 பிள்ளைகளுக்கு ஓர் இடம் அமைக்க எண்ணியிருக்கிறோம். பெங்களூரை அடுத்த ஆனேக்கலைத் தாண்டி நண்பர் ஒருவருக்கு அரை ஏக்கர் நிலமும் அதில் பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. அவர் குத்தகைக்குத் தரச் சம்மதித்துவிட்டார். வீட்டை ஒட்டித் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை ஒன்று போட்டு, அதில் சமையலையும் தச்சு வேலையையும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் திட்டம். காலையில் இரண்டு மணி நேரம் மொழியும் கணக்கும், அதுவும் அவரவர் வேகத்தில். அதன் பிறகு தோட்டம், சமையல், கடைக்கணக்கு, பேருந்தில் தனியாகப் போய்வருவது என்று நாளை வகுத்திருக்கிறோம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பம்.

எங்களுக்குத் தெளிவில்லாதவை சில உண்டு. "கற்றல் மையம்" என்று பெயர் வைத்துக்கொண்டால் அங்கீகாரம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார், அது சரிதானா? பத்தாம் வகுப்பு நிலைக்கு வரும்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதுவதில் பின்னால் சிக்கல் வருமா? செலவைக் குடும்பங்கள் சமமாகப் பகிர்ந்துகொண்டால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். "வேண்டாம்" என்ற பதிலையும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

பதில்: வேப்பமரத்தடி

நகரின் தெற்குப் புறத்தில் இத்தகைய ஓர் இடத்தைப் பதினொரு ஆண்டுகள் நடத்திவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இளையவர்களிடம் ஒப்படைத்தவள் நான். உங்கள் மகளின் ரப்பரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், எங்களிடம் வந்துசேர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நினைவுக்கு வந்தார்கள்.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குரிய பள்ளியை அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்று அதன் 18-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். பெயர்ப்பலகையில் "மையம்" என்று எழுதிவிட்டு, உள்ளே காலை ஒன்பது முதல் மாலை மூன்றரை வரை பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டணமும் வாங்கினால், அது பள்ளி இல்லை என்று பி.இ.ஓ. என்னும் வட்டாரக் கல்வி அலுவலரின் அலுவலகத்தில் வாதாடுவது எளிதன்று. அங்கீகாரமில்லாத மையங்கள் இந்த நகரைச் சுற்றி இயங்குகின்றன என்பதும், வீட்டில் படிப்பவர்கள் என்ற கணக்கில் பிள்ளைகள் அங்கே வந்துபோகிறார்கள் என்பதும் உண்மைதான். நாங்களும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம். அந்த நான்கு ஆண்டுகளும் வாசலில் ஜீப் நின்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளைகளைப் பயமில்லாமல் வளர்க்கப் புறப்பட்டவள் தானே பயந்துகொண்டிருந்தேன் என்பதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன்.

அங்கீகாரம் வேண்டுமென்றால், முதலில் அறக்கட்டளையையோ, 1960-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கத்தையோ பதிவு செய்தாக வேண்டும். அடுத்தது நிலம். நண்பர் நல்லவர்தான் என்றாலும், பஹணி என்னும் நில ஆவணத்தை வாங்கிப் பாருங்கள். அது விவசாய நிலமாக இருந்தால் டி.சி. கன்வர்ஷன், அதாவது மாவட்ட ஆட்சியர் தரும் நில வகை மாற்ற அனுமதி இல்லாமல் பள்ளிக்குப் பயன்படுத்த முடியாது. 11 மாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தொடங்கிவிடவும் வேண்டாம். நீண்ட காலக் குத்தகையாக, பதிவு செய்த பத்திரமாக இருக்கட்டும். நாங்கள் 11 மாதம் 11 மாதமாக நீட்டிக்கொண்டே போனோம். மூன்றாம் ஆண்டு உரிமையாளரின் மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் நட்டு வளர்த்த முருங்கை முதல் முறை காய்த்திருந்த மாதம் அது. கட்டடத்தைப் பொறுத்தவரை கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கேட்பது பெரிய மாளிகையை அன்று. ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாடும் இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, சக்கர நாற்காலி ஏறும் வழி ஆகியவை வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்பது அளவு. அந்த ஆசிரியர்களுக்கு உரிய தகுதிச் சான்று இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். நல்ல தச்சர் கிடைப்பார், நல்ல பாட்டுக்காரர் கிடைப்பார். ஆசிரியர் பயிற்சியும் தகுதித் தேர்வும் முடித்தவரும் பிள்ளை பேசும்போது இடைமறிக்காமல் இருக்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாகக் கிடைப்பது அரிது.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 35,000 என்றால் 1,05,000, வாடகை 40,000, மதிய உணவு 25,000, மின்சாரம், பொருள்கள், பழுது பார்ப்பது எல்லாம் 20,000. ஆக மாதம் 1,90,000 ரூபாய். இதை 11 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 17,000-க்கு மேல் வருகிறது. 18 பிள்ளைகளானால் 10,500 சொச்சம். அந்த 18 பேரில் 4 பேரை, அதாவது பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளை, கட்டணமில்லாமல் சேர்த்தால் மற்ற 14 பேருக்கும் தலைக்கு 13,500 சொச்சம் ஆகும். அந்த நால்வரைச் சேர்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. மென்பொருள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கூடியிருந்து தக்காளி பயிரிடுவது வாழ்க்கைத்திறன் ஆகாது. அது ஒரு வார இறுதிப் பொழுதுபோக்கு.

கடைசியாக, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் ஒரு பையன் எங்களிடம் சேர்ந்தான். தச்சுப் பட்டறையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ரம்பத்தை எந்தக் கோணத்தில் பிடித்தால் மரம் சிராய்விடாமல் அறுபடும் என்று பெரியவர்களுக்கே காட்டிக்கொடுப்பான். புத்தகம் என்றால் மட்டும் தோட்டத்துக்கு ஓடிவிடுவான். அவனுக்கு விருப்பம் வரும்போது படிப்பான், வற்புறுத்தக் கூடாது என்று நாங்கள் கொள்கையோடு காத்திருந்தோம். ஒன்றரை ஆண்டு காத்திருந்தோம். விடுமுறைக்கு வந்த அவனுடைய பாட்டிதான், "இவனுக்கு எழுத்து நிற்க மாட்டேன் என்கிறது, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பரிசோதித்தபோது வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. அவன் படிக்க விரும்பாதவன் அல்லன்; படிக்க முடியாமல் தவித்ததை ஓட்டமாகக் காட்டிக்கொண்டவன். வழக்கமான பள்ளியில் இருந்திருந்தால் அடியும் அவமானமும் பட்டிருப்பான், ஆனால் யாராவது ஒருவர் கண்ணில் முன்னரே பட்டிருப்பான். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்து, அன்றாடம் என்ன செய்தது, எதைத் தவிர்த்தது என்று இரண்டையும் எழுதத் தொடங்கினோம். தவிர்த்ததை எழுதும் பத்திதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

பதில்: முருகேஷ்பாளையம் அம்மா

நான் பள்ளி நடத்தியவள் அல்லள். என் மகன் மூன்றாம் வகுப்பு முதல் அங்கீகாரமில்லாத மையம் ஒன்றில் படித்து, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு முடித்தவன். ஆகவே, இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-இல் மத்திய அரசு அமைத்தது. அதன் சான்றிதழ் செல்லுபடியாகும், அதில் ஐயமே வேண்டாம். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழியாவது அடங்கிய ஐந்து பாடங்கள் போதும். தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது, 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகள் தருகிறார்கள். என் மகன் முதலில் இரண்டு பாடம், ஆறு மாதம் கழித்து மூன்று பாடம் என்று எழுதி முடித்தான். டி.எம்.ஏ. என்னும் ஒப்படைவுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. அதைக் கடைசி வாரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். கர்நாடக சி.இ.டி. என்னும் பொது நுழைவுத்தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) வரையிலான காலத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் இந்த மாநிலத்தில் அரசுப் பள்ளியிலோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ படித்திருக்க வேண்டும் என்று விதி. என் மகனுக்கு ஒன்று, இரண்டு வகுப்புகளும் பி.யு.சி. இரண்டு ஆண்டுகளும் சேர்த்து நான்கு ஆண்டுகள்தாம் இருந்தன. பெற்றோர் கர்நாடகத்தில் படித்திருந்தால் அதற்கென்று தனிப்பிரிவு உண்டு. நாங்கள் இருவரும் வேலூர்ப் பக்கம் படித்தவர்கள். பிறந்தது முதல் எச்.ஏ.எல். சாலையை விட்டு வேறெங்கும் வாழாத பிள்ளை, இந்த ஊர்க்காரன் என்று காட்டத் தாள் இல்லாமல் நின்றான். மையத்தை நடத்தியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று சேர்க்கையின்போது யாரும் சொல்லவும் இல்லை. ஜே.இ.இ. தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளிச் சான்று தடையில்லை என்பதை வைத்து, மற்றவற்றுக்கும் அப்படியே இருக்கும் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். பிறகு தனியார் கல்லூரி ஒன்றில் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்தோம்.

இதனால் அவனுடைய படிப்பு வீண் என்று நினைக்கிறேனா என்றால், இல்லை. பி.யு.சி. முதல் வாரத்தில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தான். வேதியியல் பாடம் பின்தங்கியபோது டியூஷன் கேட்காமல், எந்த அத்தியாயம் எத்தனை நாள் என்று தானே அட்டவணை போட்டுக்கொண்டான். அடுத்த தலைமுறைப் பெற்றோரிடம் அந்த ஏழு ஆண்டு விதியைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பணியாளருக்கும், தச்சரானாலும் சமையல்காரரானாலும், காவல்துறைச் சரிபார்ப்பு செய்யுங்கள். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள்.

பதில்: கரும்பலகை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டில், எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறேன்.

தம்பி, கீற்றுக் கொட்டகையை மட்டும் மறந்துவிடுங்கள். அதிலும் அதற்குள் அடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்தது சமையலறைத் தீ கீற்றுக் கூரையில் பற்றியதால்தான். அந்த ஆண்டு எங்கள் ஒன்றியத்திலும் பள்ளிகளில் இருந்த கூரைகளைப் பிரித்துப் போட்டோம். கீற்றை இறக்க வந்த ஆட்களுக்குக் கூலி கேட்கக்கூட வாய் வரவில்லை. பள்ளிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்புக் குறித்து 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதற்கும் அந்த நிகழ்ச்சியே காரணம். ஓடு போடுங்கள், அடுப்பைத் தனியாகத் தள்ளி வையுங்கள், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வழி இருக்கட்டும்.

"அவரவர் வேகத்தில்" என்று நீங்கள் எழுதியது எனக்குப் பழக்கமான சொல். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை ஒட்டியது. 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஆகவே பல இலட்சம் ஏழைப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, பாடப்படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படத்தில் தம் படி எது என்று தாமே பார்த்து, அதற்குரிய பாட அட்டையை எடுத்துப் படித்திருக்கிறார்கள். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்திருந்தோம். முதல் மாதம் எனக்குக் கை பரபரத்தது. பிள்ளை தப்பான அட்டையை எடுக்கப் போகிறது என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பேசியே பிழைத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அது எங்கே கெட்டது என்பதையும் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு, கணக்கு ஏணியில் கடன் வாங்கிக் கழித்தல் படியில் நான்கு அட்டைகள் காணாமல் போயின. புதியவை கேட்டு எழுதினோம், வரவில்லை. அந்தப் படிக்கு வந்த பிள்ளைகளெல்லாம் ஒருவர் பின் ஒருவராக அங்கேயே தேங்கி நின்றார்கள். பிறகு நானும் உதவி ஆசிரியையும் பழைய திருமணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அட்டை எழுதி வைத்தோம். தன் வேகத்தில் பிள்ளை போக வேண்டுமென்றால், அது போகும் வழியில் ஒவ்வொரு படியும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் மாலை நான்கு மணிக்குப் பிறகு, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் நடப்பது. உங்கள் கால அட்டவணையில் அந்த மாலை நேரத்தைக் காணவில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரந்தான் கேட்கிறது. அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் படியுங்கள். செயல் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்பது, பயமின்றிக் கற்பது, இயன்றவரை தாய்மொழியில் கற்பது எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நீங்கள் மாற்று என்று சொல்வது காகிதத்தில் அரசின் கொள்கைதான்.

கன்னடத்தை அக்கறையோடு வையுங்கள். 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளியில் அது கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும், ஆனேக்கல் சந்தையில் கால் கிலோ பீன்ஸ் விலை கேட்டு, பேரம் பேசி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வர அந்த மொழிதான் வேண்டும். கோலார் மாவட்டத்தில் 1972-இல் கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ தொடங்கிய நீல்பாக் என்னும் மாற்றுப்பள்ளியும் கிராமத்துப் பிள்ளைகளுக்காக நடந்ததே. உங்களுக்கு அருகில் தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் புவிதம் என்னும் மாற்றுப்பள்ளி இருக்கிறது. திருவண்ணாமலையில் மருதம் பள்ளி இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மறுமொழி: சந்தாபுரம்வாசி

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு குடும்பங்களும் உட்கார்ந்து இவற்றை உரக்கப் படித்தோம். கொட்டகை திட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. பஹணி நகலைக் கேட்டிருக்கிறேன். நண்பர் சற்றுத் தயங்கியது போலத் தோன்றியது, பார்க்கலாம். பிள்ளைகள் இப்போது இருக்கும் பள்ளிகளிலேயே தொடர, இந்த ஓராண்டு சனிக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் மட்டும் அங்கே கூடுவது, அதற்குள் அறக்கட்டளைப் பதிவையும் ஆசிரியர் தேடலையும் முடிப்பது என்ற யோசனைக்கு மூன்று குடும்பங்கள் சம்மதித்துள்ளன. நான்காவது குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்று விலகக்கூடும்.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குரிய முடிவைப் பதினெட்டு வயதில் எழுதப்போகும் சி.இ.டி.யை வைத்து எடுத்தால், எதை விட்டு விலக நினைத்தோமோ அதையே வேறு வாசல் வழியாகக் கொண்டுவருகிறோமோ என்று தோன்றுகிறது. என் மனைவி இதை ஏற்கவில்லை.

பதில்: வேப்பமரத்தடி

உங்கள் மனைவி பக்கம்தான் நான். மற்றதை நேரில் பேசுவோம். அடுத்த புதன்கிழமை எங்கள் பழைய இடத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். பார்வையாளர் நாளில் வேண்டாம். அன்று எல்லாப் பிள்ளைகளும் நன்றாக நடந்துகொள்வார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, பாத்திரம் கழுவுவது யார் முறை என்று சண்டை நடக்கும் நேரத்தில் வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். நோட்டும் ரப்பரும் வீட்டிலேயே இருக்கட்டும்.